டியூ டிலிஜென்ஸ்: உரிய முன்கவனம்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்ட ஆபீசில் இந்தச் சொல் காதில் விழுந்தால், ஏதோ ஆடிட் வருகிறது என்றுதான் தோன்றும். பாதி சரி.

'டிலிஜென்ஸ்' லத்தீன் வேரிலிருந்து வந்த சொல். அக்கறை, கவனம் என்று பொருள். 'டியூ' என்றால் கடமைப்படி காட்ட வேண்டியது. அமெரிக்காவின் 1933 பங்குப்பத்திரச் சட்டத்துக்குப் பிறகு இது பங்குச் சந்தையில் வேரூன்றியது. பங்கை விற்குமுன் கம்பெனியின் கணக்கு வழக்கைத் தீர விசாரித்தோம் என்று நிரூபிப்பவர், பின்னால் தவறு தெரிந்தாலும் பொறுப்பிலிருந்து தப்பலாம். அங்கே கவலையெல்லாம் போட்ட காசுக்குத்தான்.

2011 ஜூனில் ஐநா மனித உரிமை மன்றம் ஏற்ற, தொழிலும் மனித உரிமையும் பற்றிய 31 வழிகாட்டு நெறிகள், ஐநா சிறப்புப் பிரதிநிதி ஜான் ரகி வகுத்தவை, பார்வையைத் திருப்பின. கம்பெனியால் மனிதருக்கு என்ன கெடுதல் வரும் என்பதே இப்போது கேள்வி. 17 முதல் 21 வரையான நெறிகளின் சாரம்: கெடுதலைக் கண்டுபிடி, தடு, தடுத்தது பலித்ததா பார், வெளியே சொல். ஆள் எடுத்துத் தரும் கொந்த்ராக்டர் செய்வதும் இதில் அடங்கும்.

தமிழில் 'உரிய ஆய்வு' என்பார்கள். ஆய்வு ஒருநாள் வேலை, இதுவோ ஓயாத வேலை. 'உரிய கவனிப்பு' என்றால், 'கவனிப்பு'க்கு நம்மிடையே கைக்குள் காசு வைக்கும் அர்த்தமும் உண்டு! தீங்குக்கு முந்திக்கொள்வதைச் சொல்லும் 'உரிய முன்கவனம்' பொருந்துகிறது.

உதாரணத்துக்கு வெளிநாட்டுத் தொழிலாளரின் கடப்பிதழை (பாஸ்போர்ட்டை) முதலாளி வாங்கி வைத்துக்கொள்வதைப் பார்ப்போம். அடுத்தவர் கடப்பிதழை அதிகாரமின்றி வைத்திருப்பது மலேசியாவின் 1966 கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். உடனே லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், ஆளுக்கொரு லாக்கர் வைக்கிறார்கள். மாற்றுச் சாவி மட்டும் கிராணியின் (ஆபீஸ் குமாஸ்தாவின்) மேசையில். 'நானே ஒப்படைத்தேன்' என்ற தாளிலும் கையெழுத்து இருக்கும், வங்காளமோ நேப்பாளியோ மட்டும் தெரிந்தவரிடம் மலாயில் வாங்கியது. மண்டோர் (மேஸ்திரி) பக்கத்தில் நிற்கக் கேட்டால் எல்லாரும் "ஓகே" என்பார்கள். ஆகவே தொழிலாளரிடம் பேட்டி தோட்டத்துக்கு வெளியே, அவரவர் மொழியில், மொழிபெயர்ப்பாளரைக் கம்பெனி தேர்ந்தெடுக்காமல் நடக்க வேண்டும். கேட்க வேண்டிய முதல் கேள்வி சம்பளம் அல்ல: ஊரில் ஏஜெண்டுக்கு எவ்வளவு கட்டினாய், கடன் யாரிடம்? கடன் இருக்கும்வரை, சாவி கையில் இருந்தும் அவரால் வேலையை விட்டுப் போக முடியாது.

அந்தக் கடனுக்குக் கம்பெனியும் காரணம் என்று தெரிந்தால், கெடுதலைச் சரிசெய்யச் சொல்லும் நெறி 22 வருகிறது. வசூலித்த கட்டணத்தைத் திருப்பித் தருவதே பரிகாரம். ஏஜெண்ட் ரசீது தரமாட்டான். எனவே ரசீது கேட்டு அடம்பிடிக்காமல், ஒரே ஏஜெண்ட் வழி வந்தவர்களின் வாக்குமூலங்களை ஒப்பிட்டுத் தொகையை முடிவு செய்ய வேண்டும்.