ஜூன் மாதத்துப் பிள்ளையும் ஏப்ரல் மாதத்துப் பிள்ளையும்

ஏப்ரலில் எடை போடும் நாளன்று ஒரு அம்மா கேட்டார்: "ஒரு வருஷமா அனுப்புறேன் டீச்சர், இன்னும் 'அ' எழுதத் தெரியலையே?" அவருடைய மகள் மூன்று வயதில் எங்கள் அங்கன்வாடிக்கு வந்தவள், இப்போது நான்கை நெருங்குகிறாள். பீரோவிலிருந்து அவளுடைய தாள்களில் இரண்டை எடுத்துக் காட்டினேன். ஜூலையில் கிரேயானை முஷ்டிக்குள் இறுக்கிப் பிடித்து, தோளிலிருந்து கையை ஆட்டிக் கிறுக்கியது ஒன்று. மற்றொன்று மார்ச் மாதத்தது: பெரிய வட்டம், அதற்குள் இரண்டு கண், வட்டத்திலிருந்தே நேராக இறங்கும் இரண்டு கால். "இது நீங்கதாம்மா" என்றேன். "உடம்பைக் காணோமே" என்று சிரித்தார்.

இந்த வயதில் பெரும்பாலான பிள்ளைகள் மனிதரை இப்படித்தான் வரைவார்கள். தொடங்கிய இடத்துக்கே கோட்டைக் கொண்டுவந்து மூடத் தெரிந்துகொண்ட அந்தக் கைதான் பிறகு 'அ' எழுதப் போகிறது. மூன்று வயதில் வட்டம், நான்கில் கூட்டல் குறி, ஐந்தில் முக்கோணம் என்று ஏறத்தாழ இந்த வரிசையில்தான் கை பழகும். சதுரமும் முக்கோணமும் வராத விரல்களை 'அ'வின் வளைவுகளுக்கு வற்புறுத்தினால் பிள்ளைக்குப் பென்சில் மீதே வெறுப்பு வந்துவிடும். நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

உடல் வளர்ச்சியும் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. மூன்றிலிருந்து நான்கு வயதுக்குள் ஒரு பிள்ளை சுமார் 2 கிலோ எடையும் 7 செ.மீ. உயரமும் கூடும். மாதக் கணக்கில் பார்த்தால் 150, 200 கிராம்தான். தினமும் தூக்கிக் கொஞ்சும் அம்மாவுக்குக்கூட அது பிடிபடாது. அதனால்தான் மாதாமாதம் எடை போட்டு வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோடாக இணைக்கிறோம். பச்சைப் பட்டைக்குள் இருந்தால் வயதுக்கேற்ற எடை என்று பொருள். "பச்சையிலதானே இருக்கு" என்று பெற்றோர் அட்டையை மடித்துவிடுகிறார்கள். நான் பார்ப்பது நிறத்தை மட்டுமல்ல, கோடு மேலே ஏறுகிறதா என்பதை. அந்தக் கோடு இரண்டு மூன்று மாதம் ஏறாமல் படுத்தே கிடந்தால், பச்சையில் இருந்தாலும் விசாரிப்பேன்: காய்ச்சல் வந்ததா, பேதியா, சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் பாக்கெட் தீனியா, குடற்புழு மாத்திரை போட்ட அன்று பிள்ளை வந்திருந்ததா?

பேச்சுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஜூனில் "பாப்பாக்கு வேணாம்" என்றவள் பொங்கலுக்குள் "எனக்கு வேணாம்" என்கிறாள். போன மாதத் திருவிழாவையும் "நேத்து" என்றே சொல்லும் பிள்ளைக்கு, நடந்து முடிந்தது என்ற எண்ணம் வந்துவிட்டது என்று பொருள். மரத்தை "மயம்" என்றால் மூன்று வயதில் கவலைப்பட வேண்டாம். ஆனால் அந்த வயதில் பிள்ளை பேசுவது வெளி ஆட்களுக்கும் பெரும்பாலும் புரிய வேண்டும். அம்மா மட்டுமே மொழிபெயர்த்துச் சொல்லும் நிலை நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இதில் நானே தவறியிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பையன். கூப்பிட்டால் திரும்ப மாட்டான், பாட்டு நேரத்தில் எழுந்து ஓடுவான். சேட்டைக்காரன் என்று நானும் ஆயாம்மாவும் முடிவு கட்டினோம். அவனுக்கு அடிக்கடி சளி பிடித்ததும், முகத்தைப் பார்த்துச் சொன்னால் மட்டும் சொன்னதைச் செய்ததும் என் கண்ணில் பட்டவைதான், ஆனால் எதையும் நான் எழுதி வைக்கவில்லை. காதுக்குள் நீர் கோத்திருந்தது மாதங்கள் கழித்தே தெரிந்தது. சிகிச்சைக்குப் பிறகு கதை கேட்க முன்வரிசையில் வந்து உட்கார்ந்தான். அன்றிலிருந்துதான் பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி நோட்டு எழுதுகிறேன். மாதம் இரண்டு வரி, தேதியோடு: "ஒற்றைக் காலில் குதித்தான்." "பொம்மையைக் கேட்டு வாங்கினான், பிடுங்கவில்லை." வீட்டிலும் ஒரு பழைய டைரியில் இப்படி எழுதி வைக்கலாம்.

வருடத்துக்கு இரண்டு முறை அரசு மருத்துவக் குழு அங்கன்வாடிக்கே வந்து கண், காது, பல், பேச்சு, வளர்ச்சி எல்லாவற்றையும் இலவசமாகப் பரிசோதிக்கிறது. தேவைப்பட்டால், பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளுக்குத் தொடக்கத்திலேயே சிகிச்சை தரும் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். "ஊசி போடுவாங்களோ" என்று பயந்து அன்றைக்கு மட்டும் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள். முடிந்தால் நீங்களும் கூட வாருங்கள். டாக்டர் கேட்கும் பாதிக் கேள்விகளுக்கு உங்களிடம்தான் பதில் இருக்கிறது.