வைஃபை பெயரை யார் வேண்டுமானாலும் வைக்கலாம்

கொடைக்கானலில் அறை எடுக்கிறவர்கள் சாவியோடு வைஃபை பாஸ்வேர்டையும் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். கேட்கத்தான் செய்வார்கள், டவரின் அலையை மலைச்சரிவு மறைத்துவிடுவதால் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் ஒரு வளைவு திரும்புவதற்குள் சிக்னல் போய்விடும். அப்புறம் கண்ணில் படுகிற வைஃபையில் எல்லாம் சேர்ந்துகொள்கிறோம்.

வைஃபை ரேடியோ அலைதான். ரவுட்டருக்கு நம் போன் அனுப்புவது பக்கத்து மேசை லேப்டாப்புக்கும் போய்ச் சேரும், தனக்கானது இல்லை என்று அது ஒதுக்கிவிடும், அவ்வளவுதான். ஒதுக்காமல் பிடித்து வைக்கிற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. 2010-இல் எரிக் பட்லர் என்பவர் ஃபயர்ஷீப் என்றொரு நீட்சியை, அதாவது ஃபயர்பாக்ஸ் உலாவியோடு சேர்த்துக்கொள்கிற சிறு மென்பொருளை, வெளியிட்டார். அன்றைக்கு ஃபேஸ்புக் போன்ற தளங்கள் லாகின் பக்கத்தை மட்டும் குறியாக்கம் செய்துவிட்டு மீதியை அப்படியே திறந்து அனுப்பிக்கொண்டிருந்தன, அதனால் பாஸ்வேர்டு இல்லாத வைஃபையில் இன்னொருவரின் குக்கியை (லாகின் செய்தவர் இவர்தான் என்று தளத்துக்குக் காட்டும் சிறு அடையாளத் தகவலை)ப் பிடித்து அவர் கணக்குக்குள்ளேயே நுழைய முடிந்தது. இப்போது பெரும்பாலான தளங்கள் எல்லாப் பக்கத்தையும் குறியாக்கம் செய்து அனுப்பும் எச்டிடிபிஎஸ் முறைக்கு மாறிவிட்டன. எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது வெளியே தெரியலாம், உள்ளே என்ன எழுதுகிறோம் என்பது தெரியாது.

சரி, ஒட்டுக்கேட்பது கடினமாகிவிட்டது. எனக்குப் பெரிய கவலை வேறு: நம் போன் ஒரு வைஃபையை அதன் பெயரை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் தன் ரவுட்டருக்கோ போன் ஹாட்ஸ்பாட்டுக்கோ வைத்துக்கொள்ளலாம், தடுக்க ஆள் கிடையாது. ஏழு ரோடு பக்கம் ஒரு கடையின் வைஃபையில் போன வருடம் சேர்ந்தீர்கள் என்றால், அதே பெயரில் வேறு எவரோ ஏரிக்கரையில் ஒன்றைத் திறந்து வைத்தாலும், போன் பையில் இருந்தபடியே அதில் சேர்ந்துவிடும். பாஸ்வேர்டு இருந்தால் ஆகாதே என்பீர்கள். அந்தப் பாஸ்வேர்டு கடைச் சுவரில்தானே ஒட்டியிருக்கிறது, போலியை வைப்பவரும் அதையே போட்டுக்கொள்வார்.

சேர்ந்தபின் நம் இணையப் போக்குவரத்து முழுக்க அவர் வழியாகப் போகும். அப்போதும் வங்கித் தளத்தின் சான்றிதழை, அதாவது அது அசல் தளம்தான் என்று உலாவிக்குக் காட்டும் டிஜிட்டல் அத்தாட்சியை, அவரால் போலியாக உருவாக்கிவிட முடியாது, உலாவி எச்சரிக்கை காட்டும். ஆனால் சேர்ந்ததும் தானாகத் திறக்கிற வரவேற்புப் பக்கம் முழுக்க அவர் எழுதியது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டியில் வர 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம் என்பதால், ‘இ-பாஸ் சரிபார்க்க ஆதார் எண்ணையும் ஓடிபியையும் கொடுங்கள்’ என்று அதில் கேட்டால் களைத்துப்போய் வந்தவர் யோசிக்காமல் கொடுத்துவிடுவார். ஜிமெயில் பாஸ்வேர்டு கேட்டாலும் அப்படித்தான்.

இலவச விபிஎன் (நம் இணையப் போக்குவரத்தைக் குறியாக்கம் செய்து தன் சர்வர் வழியாக அனுப்பும் செயலி) போட்டால் போதும் என்கிறார்கள், எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் கடைக்காரரை நம்புவதற்குப் பதிலாக முகம் தெரியாத ஒரு நிறுவனத்தை நம்புகிறோம். அறையைக் காலி செய்யும்போதே அந்த வைஃபையைப் போன் பட்டியலிலிருந்து அழித்துவிடுங்கள், தானாகச் சேரும் வசதியையும் நிறுத்துங்கள். சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் ‘பரவாயில்லை, தொடர்’ என்று அழுத்தவே அழுத்தாதீர்கள். பணம் அனுப்ப வேண்டுமா, சிக்னல் கிடைக்கிற இடம் வரை நடந்துபோய் மொபைல் டேட்டாவில் அனுப்புங்கள்.