பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றும் முன்

இந்த மாதமும் ஒன்று வந்தது. கைக்குழந்தை, மூச்சு வாங்குகிறது, ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே இழுக்கிறது, பால் குடிக்கவில்லை. எக்ஸ்ரேயில் நுரையீரலின் ஒரு பகுதி வெள்ளையாகத் தெரிகிறது. "மூக்கில் ஏதாவது விட்டீர்களா?" என்று கேட்டால் வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பிறகு யாராவது ஒருவர் மெல்லச் சொல்வார்: "சும்மா ரெண்டு சொட்டு எண்ணெய்தான் டாக்டர். செக்குல ஆட்டினது, சுத்தமானது."

சுத்தமானதுதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது போய்ச் சேர்ந்த இடம் நுரையீரல். தண்ணீர் புரையேறினால் பிள்ளை இருமித் துப்பும். எண்ணெய் இருமலைக் கூடத் தூண்டாமல் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். அப்புறம் வரும் நிமோனியா கிருமியால் வந்ததல்ல என்பதால் ஆன்டிபயாட்டிக் போட்டாலும் சட்டென்று அடங்காது. எண்ணெய் கலப்படமா அசலா என்று நுரையீரல் பார்ப்பதில்லை.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்தில் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீட்டுக்கு வரும் பெண்களில் பலர் இப்போது பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்ப்பவர்கள். மாசமாக இருக்கும்போதே நிறையப் படித்துவிட்டு வருகிறார்கள். படிப்பது நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. படித்த பெண் வந்தால் வீட்டில் ஆயா (பாட்டி) மருந்து உரசும் உரைகல்லை எடுக்கும்போது தடுப்பாள் என்றுதானே யாருக்கும் தோன்றும்? நடப்பது நேர்மாறு. மகள் படித்த 'இயற்கை வழி குழந்தை வளர்ப்பு'ம் ஆயாவின் உரை மருந்தும் கைகோத்துக்கொள்கின்றன. நான் சீட்டில் எழுதிக் கொடுத்த விட்டமின் டி சொட்டு மருந்து 'கெமிக்கல்' என்று அலமாரிக்குப் போகிறது. வசம்பு, ஜாதிக்காய், கடுக்காய், மாசிக்காய் எல்லாம் 'ஆர்கானிக்' என்று பிள்ளையின் வாய்க்குள் போகின்றன. பிறந்தவுடன் போடும் விட்டமின் கே ஊசியையே வேண்டாம் என்று ஒரு தகப்பனார் வாதாடினார், இயற்கையாகப் பிறந்த குழந்தைக்கு ஊசி எதற்கு என்று. தாய்ப்பாலில் அந்தச் சத்து மிகக் குறைவு. ஊசி போடாத பிள்ளைகளில் சிலருக்கு மூளைக்குள்ளேயே ரத்தம் கசியும். எதற்கு என்ற கேள்விக்குப் பதில் அதுதான்.

'இயற்கையானதுதானே, கெடுதல் செய்யாது' என்ற நினைப்பை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை, அதனால் இங்கே கொஞ்சம் நீட்டிப் பேசுகிறேன். அரளி விதையும் இயற்கைதான். சிவகங்கை மாவட்டத்தில் அவசரப் பிரிவில் வேலை பார்த்த எந்த டாக்டரையும் கேட்டுப் பாருங்கள். வசம்பை எடுத்துக்கொள்வோம். அதில் பீட்டா அசரோன் என்ற பொருள் இருக்கிறது. விலங்குகளில் அது புற்றுநோயை உண்டாக்குவதைப் பார்த்துவிட்டு, உணவில் வசம்பைச் சேர்க்கக்கூடாது என்று அமெரிக்கா 1968-லேயே தடை போட்டது. பெரியவர்கள் சாப்பிடும் பண்டத்துக்கே அந்தத் தடை. நாம் மூன்று கிலோ பிள்ளைக்கு உரசி ஊட்டுகிறோம், அதுவும் அளவே இல்லாமல். எத்தனை உரசு என்று கேட்டால் ஆயாவின் கைக்கணக்கு. உரைகல்லைக் கழுவினீர்களா என்று கேட்டால் கோபம். கையில் வசம்பு வளையல் போடுவதும் எனக்குப் பிடிக்காது, அதையும் பிள்ளை சப்பும்.

சூடமும் அப்படித்தான். சளி பிடித்தால் தேங்காய் எண்ணெயில் சூடத்தைப் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தடவுவது நம் பக்கத்தில் சர்வ சாதாரணம். தடவிய கொஞ்ச நேரத்தில் வலிப்போடு தூக்கி வருகிறார்கள். இரண்டு வயதுக்குள் சூடம் வேண்டவே வேண்டாம், தடவவும் வேண்டாம், முகரவும் வேண்டாம்.

தேன். பிறந்த அன்று சேனை வைக்கும் வழக்கத்தில் பல வீடுகளில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோதான். தேனில் சில சமயம் பாட்டுலிசம் கிருமியின் விதை இருக்கும். பெரியவர்கள் குடலில் அது ஒன்றும் செய்வதில்லை. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் குடலில் முளைத்து நஞ்சைக் கக்கும். முதலில் மலச்சிக்கல், அப்புறம் அழுகைச் சத்தம் குறையும், இமை தொங்கும், பிள்ளை துணியைப் போலத் துவண்டுவிடும். கைக்குழந்தைகளுக்கு இப்படி வருவதைக் கலிபோர்னியாவில் 1976-ல் கண்டுபிடித்தார்கள். "எங்க தேன் மலைத்தேன், காய்ச்சித்தான் வச்சிருக்கோம்" என்பவர்களுக்கு: காய்ச்சினால் அந்த விதை சாகாது. சேனை வைப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. குணமுள்ள பெரியவர் ஒருவர் பிள்ளையைத் தொட்டு ஆசீர்வதிக்கட்டும், தாயின் சீம்பாலே சேனையாக இருக்கட்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு வழக்கமாக ஓர் ஆச்சி எழுந்து கேட்பார்: "ஏன் ஆத்தா, நாங்கள்லாம் இதைக் குடிச்சுத்தானே வளந்தோம்? ஒன்னும் ஆகலையே?" இந்தக் கேள்விக்கு நான் கோபப்படுவதில்லை, திருப்பி ஒன்று கேட்பேன். உங்கள் அப்பத்தா எத்தனை பெற்றார், எத்தனை தங்கியது? பத்துப் பெற்று ஆறு, எட்டுப் பெற்று ஐந்து என்று கணக்கு வரும். தங்காதவர்கள் இன்று இங்கே வந்து 'எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று சொல்ல முடியாது. இந்தியாவில் 1971-ல் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 பேர் ஒரு வயதைத் தாண்டவில்லை. 2020-ல் அது 28, தமிழ்நாட்டில் 13. உரைகல் குறைந்ததால் மட்டும் இது நடந்தது என்று சொல்ல மாட்டேன். தடுப்பூசி, ஆஸ்பத்திரிப் பிரசவம், நல்ல தண்ணீர், தாய்மாரின் படிப்பு எல்லாம் சேர்ந்துதான். ஆனால் 'அந்தக் காலத்தில் ஒன்றும் ஆகவில்லை' என்பது மட்டும் உண்மையில்லை.

ஆயாவின் கைப்பக்குவம் எல்லாமே ஆகாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் போட்டு, இளஞ்சூடாகத் தேங்காய் எண்ணெய் தடவிவிடுவது அருமையான விஷயம். செய்யுங்கள். அழுத்திப் பிசையாமல், மூக்கைப் பிடித்து நிமிர்த்தாமல், காதில் ஊதாமல் செய்யுங்கள். பழைய வீடுகளில் பெட்டிக்குள் தூங்கும், பிள்ளைக்குப் பால் ஊட்டும் வெள்ளிப் பாலாடையை வெளியே எடுங்கள். குறைமாதப் பிள்ளைக்குக் கறந்த தாய்ப்பாலை ஊட்டப் பால்புட்டியைவிட அது எவ்வளவோ மேல், எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே பாலாடைதான். கொதிக்க வைத்துக் கழுவினால் போதும். துணி அரைஞாண் கட்டுவது, பருத்தித் துணியை மாற்றி மாற்றிப் போடுவது, தாய் மார்போடு அணைத்துக்கொண்டே இருப்பது எல்லாம் சரிதான். கொலம்பியாவின் பொகோட்டாவில் 1970-களின் கடைசியில் இன்குபேட்டர் போதாமல் தாயின் மார்புச் சூட்டிலேயே எடை குறைந்த பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். இன்று உலகம் முழுவதும் அதைச் செய்கிறார்கள். இயற்கை என்றால் எனக்கு இதெல்லாம்தான் நினைவுக்கு வருகிறது.

சிலதை உடனே நிறுத்துங்கள். பிறந்த பிள்ளையின் மார்பு வீங்கியிருந்தால் பிதுக்கிப் 'பால் எடுக்காதீர்கள்'. தாயின் ஹார்மோனால் வந்த வீக்கம், தானே வற்றும். பிதுக்கினால் சீழ் கட்டும், நான் கத்தி வைக்க வேண்டிவரும். தொப்புளில் சாம்பல், மஞ்சள், எண்ணெய் ஒன்றும் வேண்டாம், காய விடுங்கள். கண்ணுக்குள் மை வேண்டாம், கடை மைகள் சிலவற்றில் ஈயம் இருக்கிறது. திருஷ்டிப் பொட்டு உள்ளங்காலில் இருக்கட்டும். சாம்பிராணிப் புகையைப் பிள்ளையின் தலைக்குக் காட்டாதீர்கள். தொக்கம் எடுக்கிறேன், வயிற்றில் சிக்கியதை வெளியே எடுக்கிறேன் என்று எங்கேயும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். மஞ்சள் காமாலைக்கு வெயிலில் காட்டினால் போதும் என்று காத்திருக்காதீர்கள். பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கினாலோ அன்றைக்கே வாருங்கள், ஞாயிற்றுக்கிழமையானாலும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். தண்ணீர் கூட வேண்டாம், சித்திரை வெயிலிலும் வேண்டாம். தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். டாக்டர் எழுதிய சொட்டு மருந்து இந்தக் கணக்கில் வராது, அதைக் கொடுத்தே ஆகவேண்டும்.

படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எந்த ஆண்டு எழுதியது, எழுதியவர் யார், எத்தனை மாதப் பிள்ளைக்குச் சொல்கிறார் என்ற மூன்றையும் பார்க்காமல் எதையும் பிள்ளையிடம் செய்து பார்க்காதீர்கள். அமெரிக்காவில் மிகப் புகழ்பெற்ற ஒரு குழந்தை வளர்ப்புப் புத்தகமே பல ஆண்டுகள் பிள்ளையைக் குப்புறப் படுக்கவைக்கச் சொல்லிவந்தது. குப்புறப் படுத்த பிள்ளைகள் தூக்கத்திலேயே இறப்பது அதிகம் என்று தெரிந்த பிறகு, 1994-ல் அங்கே நாடு முழுக்க இயக்கம் நடத்தி மல்லாக்கப் படுக்கவைக்கச் சொன்னார்கள். பழைய பதிப்பு இன்னும் யாரோ ஒருவர் அலமாரியில் இருக்கும்.

படிக்கும் ஆசை இருந்தால் பிள்ளைக்குப் படித்துக் காட்டுங்கள். கருவிலேயே தாயின் குரல் கேட்டுப் பழகிய காது அது. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா நம் பக்கத்து ராயவரத்துக்காரர்தான், அவர் பாட்டில் ஒன்றை வாய்விட்டுப் படியுங்கள். ஆயாவுக்குத் தெரிந்த தாலாட்டை அவர் பாடட்டும். உரைகல்லைப் பிடுங்கிவிட்டு அவர் கையில் வேறு வேலை எதுவும் கொடுக்காவிட்டால் மறுபடியும் உரைகல்லைத் தேடத்தான் செய்வார்.

கடைசியாக, ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது, பிள்ளைக்கு முடியவில்லை என்றால் மறைக்காதீர்கள். எதைக் கொடுத்தீர்கள், எப்போது, எவ்வளவு என்று சொல்லுங்கள். பொட்டலமோ புட்டியோ மிச்சம் இருந்தால் கையோடு கொண்டு வாருங்கள். மாமியார் பக்கத்தில் நின்றால் சொல்லத் தயங்குவீர்கள் என்று எனக்குத் தெரியும். நர்ஸிடம் காதோடு சொன்னாலும் போதும், அவர் என்னிடம் வந்து சொல்லிவிடுவார்.