டிஸ்கஸ் வாங்குறப்போ கலர விடுங்க, கண்ண பாருங்க

பினாங்குல டிஸ்கஸ் (தட்டு மாதிரி வட்டமா இருக்குற தொட்டி மீன்) வளக்குறவங்களுக்குப் பஞ்சமே இல்ல, இங்கேருந்து வெளிநாட்டுக்கெல்லாம் போற மீனு இது, அப்படி இருந்தும் எனக்கு வாட்ஸப்ல போட்டோ அனுப்புறவங்க நிறைய பேரு கேக்குறது ஒரே கேள்விதான்: "அண்ணே, வாங்கி ஒரு வருசம் ஆச்சு, இன்னும் மூணு இஞ்ச்லயே நிக்குது, எப்பண்ணே பெருசாகும்?"

ஆகாது தம்பி. கேக்கவே கஷ்டமாதான் இருக்கும், ஆனா சொல்லாம விட்டா நீங்க அடுத்த மீனையும் இதே மாதிரிதான் வாங்குவீங்க.

டிஸ்கஸ் முட்டை பொரிக்க ரெண்டரை மூணு நாள் ஆகும், அதுக்கப்புறம் ரெண்டு மூணு நாள்ல குஞ்சு நீந்த ஆரம்பிச்சு நேரா அம்மா அப்பா உடம்புல போய் ஒட்டிக்கும், அதுங்க தோல்ல சுரக்குற சளிதான் மொத ரெண்டு மூணு வாரத்துக்கு சாப்பாடு. அந்த நேரத்துல பாத்தா டிஸ்கஸ்னே நம்ப மாட்டீங்க, சாதா மீன்குஞ்சு மாதிரி நீளமா இருக்கும். அஞ்சு ஆறு வாரத்துலதான் உடம்பு வட்டமாகி ஐம்பது சென் காசு அளவுக்கு வரும். நல்லா பாத்துக்கிட்டா மூணு மாசத்துல ரெண்டு, ரெண்டரை இஞ்ச், ஆறு மாசத்துல நாலு இஞ்ச் கிட்ட, ஒரு வருசத்துல அஞ்சு இஞ்சுக்கு மேல (மூக்கு நுனியில இருந்து வால் முடியுற வரைக்கும் அளக்குறது இது). அதுக்கப்புறம் ரொம்ப மெதுவாதான் ஏறும், ஆறு இஞ்ச் தொட்டா நல்ல மீன். அதாவது மொத ஆறு மாசத்துல விட்டத பின்னாடி என்ன போட்டாலும் முழுசா புடிக்க முடியாது.

இப்ப கண்ணுக்கு வருவோம். தீனி, தண்ணி சரியில்லாம போனா உடம்பு நின்னுடும், ஆனா கண்ணு நிக்காது, அது பாட்டுக்கு வளந்துக்கிட்டே போகும். அதனால சின்ன உடம்புல முழிச்சிக்கிட்டு பெரிய கண்ணா தெரிஞ்சா அது குட்டி மீன் இல்ல, வயசான குள்ள மீன். கூடவே உடம்பு வட்டமா இல்லாம முன்னும் பின்னும் இழுத்த மாதிரி நீளமா இருக்கும், நெத்திப் பக்கம் கத்தி மாதிரி ஒல்லியா இருக்கும். "சைஸ் சின்னது, மலிவு லா" னு சொல்லி விக்குறதுல இந்த மாதிரி மீனுங்க நிறைய கலந்துடுது. அதனால விலைய கேக்குறதுக்கு முன்னாடி எத்தன மாசம்னு கேளுங்க.

கலரும் ஏமாத்தும். டர்க்காய்ஸ் வகையெல்லாம் ரெண்டு இஞ்ச்ல மங்கலா பழுப்பாதான் இருக்கணும், அந்த வயசுலயே தகதகன்னு மின்னுச்சுன்னா ஹார்மோன் குடுத்திருப்பாங்களோன்னு சந்தேகப்படலாம், வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள்ல கலர் எறங்கிடும். பிஜன் பிளட் வகைக்கு மட்டும் இந்தக் கணக்கு ஒத்து வராது, அதுக்கு சின்னதுலயே கலர் வந்துடும்.

"டேங்க் அளவுக்குத்தான் மீன் வளரும்" னு ஒரு நம்பிக்கை ரொம்ப நாளா ஓடுது. டேங்க் அளக்குற புத்தி மீனுக்கு கெடையாது, சின்ன டேங்க்ல கழிவு சீக்கிரம் சேந்துடுது, அதுதான் வளர்ச்சிய அமுக்குது. குட்டிங்க இருக்குற டேங்க்ல மணல் போடாதீங்க, தினமும் பாதித் தண்ணி மாத்துங்க, பைப்புத் தண்ணிய அப்படியே ஊத்தாம ஆன்டி குளோரின் போட்டு, காத்து விட்டு வச்சு ஊத்துங்க. தண்ணி கட் ஆகி திரும்ப வர்ற அன்னைக்கு கலங்கல் தெளியுற வரைக்கும் கை வைக்காதீங்க.

இன்னொண்ணு, "நம்ம ஊரு சூடுதானே, ஹீட்டர் எதுக்கு?" ங்குற பேச்சு. ஹால்ல ராத்திரி முழுக்க ஏர்கோன் ஓடுது, டேங்க் அங்கதான் இருக்கு, காலையில தண்ணி 25 டிகிரி. குட்டிக்கு 29, 30 வேணும், எறங்குனா பசி போயிடும்.

தீனிய கொஞ்சம் கொஞ்சமா ஒரு நாளைக்கு அஞ்சு ஆறு தடவ போடணும், வேலைக்குப் போற வீட்டுல கஷ்டம்தான், அப்படிப்பட்டவங்க நாலு இஞ்ச்சுக்கு மேல உள்ளதா வாங்கிட்டா நிம்மதி, காசு கூடதான் ஆகும். மாட்டு இதயம் அரச்சுப் போடுறதுதான் ஃபார்ம்ல வழக்கம், நம்ம வீடுங்கள்ல அத ஐஸ்பெட்டிக்குள்ள வைக்க அம்மா விட மாட்டாங்க, பரவால்ல, இறாலும் திலாப்பியா சதையும் அரச்சு உறைய வச்சு போட்டாலே போதும்.

ஏற்கனவே வீட்டுல குள்ளமா ஒண்ணு இருந்தா அத தூக்கிப் போட வேணாம், நல்ல தண்ணியில வருசக்கணக்கா இருக்கும், பெரிய மீனுங்களோட விட்டா மூலையில ஒதுக்கி சாப்பிட விடாதுங்க, அத மட்டும் பாத்துக்குங்க. புதுசு வாங்கப் போறவங்க கடையில "இப்ப கொஞ்சம் தீனி போட்டுக் காட்டுங்க" னு கேளுங்க. தீனி விழுந்த ஒடனே முன்னாடி ஓடி வர்றத எடுங்க, கறுத்துப் போயி பின்னாடியே நிக்குறது, வெள்ளையா நூல் மாதிரி கழியுறது ரெண்டையும் இனாமா குடுத்தாலும் வேணாம்.