கடலில் நனைந்த போனை அரிசிக்குள் புதைக்காதீர்கள்

ஆகஸ்ட் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரத்திலேயே ஐந்து போன்கள் ஹட்டனில் இருக்கும் என் போன் திருத்தும் கடைக்கு வந்துவிட்டன. ஐந்தும் திருகோணமலையில் நிலாவெளி, புறாத்தீவுப் பக்கம் மீன் படம் எடுக்கக் கடலுக்குள் இறங்கியவை. ஐந்தும், அரிசி ஈரத்தை இழுத்துவிடும் என்ற நம்பிக்கையில் அரிசிக்குள் கிடந்து வந்தவை.

நேற்று வந்த போன்தான் இதை எழுத வைத்தது. தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு தங்கச்சி லஞ்ச் ஷீட்டில் பொதிந்து எடுத்து வந்திருந்தார். "நாலு நாளா அரிசியிலதான் வச்சிருந்தோம் அண்ணே, நல்லா காஞ்சிருக்கும்" என்றார். சார்ஜ் போடும் துவாரத்துக்குள் ஒரு நொய்யரிசி ஊறி ஒட்டிக்கிடந்தது. அதைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. பின்பக்கத்தைக் கழற்றினால், பெட்டரி கனெக்டரில் இரண்டு உலோகக் கால்கள் இருந்த இடமே தெரியவில்லை. மூச்சு விட மேலே வந்த ஆமையை மிக அருகில் எடுத்திருந்தாராம். அந்தப் படத்தை என்னால் மீட்டுக் கொடுக்க முடியவில்லை.

அரிசி தன்னைத் தொடும் ஈரத்தைக் கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான். போனுக்குள் இருக்கும் சர்க்கிட் போர்டின் தகட்டுக்குக் கீழே நிற்கும் நீரை அது எட்டாது. சரி, எட்டியது என்றே வைத்துக்கொள்வோம். தண்ணீர் போகும், உப்பு எங்கே போகும்? ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. நீர் வற்ற வற்ற அது போர்டிலேயே படியும். நம் ஊரில் இது இன்னும் மோசம். மே முதல் செப்டெம்பர் வரை திருகோணமலைக் கடல் அமைதியாக இருக்கும்போது ஹட்டனில் தென்மேல் பருவமழை, எந்நேரமும் மூடுபனி. சமையலறையில் உப்புப் போத்தல் கசிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். போனுக்குள் இருக்கும் உப்பும் அப்படித்தான் காற்றின் ஈரத்தை இழுத்து மறுபடி செம்பை அரிக்கத் தொடங்கும். அரிசித் துகள் போனைக் கெடுக்கலாம், அதற்குள் வைக்காதீர்கள் என்று ஆப்பிள் நிறுவனமே 2024இல் சொல்லிவிட்டது. ஆனாலும் அரிசி வாளியோடு வருகிறார்கள்.

அடுத்தது, "இது ஐபி68 போன், தண்ணி போகாது" என்ற பேச்சு. ஐபி68 என்பது தூசும் தண்ணீரும் புகாததற்கான தரக் குறியீடு. அதற்கான சோதனை புதுப் போனை அசையாத நன்னீரில் வைத்துச் செய்வது. அலை அடிக்கும் உப்புநீருக்கு அது உத்தரவாதம் இல்லை. கீழே விழுந்து ஓரம் நெளிந்த போனை நம்பவே வேண்டாம். கண்ணாடி மாற்றிய போனையும்தான். தினமும் கண்ணாடி மாற்றுகிறவன் சொல்கிறேன்.

கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் பை வாங்கினால், முதலில் உள்ளே டிஷ்யூ ஒன்றை மட்டும் வைத்து வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமுக்கி வையுங்கள். டிஷ்யூ காய்ந்திருந்தால் மட்டும் போனை வையுங்கள். நீருக்குள் தொடுதிரை வேலை செய்யாது, வொலியூம் பட்டனால் படம் எடுக்கப் பழகிக்கொண்டு இறங்குங்கள். அப்புறம், படம் எடுக்கிற அவசரத்தில் பவளப்பாறை மேல் ஏறி நிற்காதீர்கள். அது கல் இல்லை, உயிர். புறாத்தீவு ஒரு தேசியப் பூங்கா. ஆமைக்கு மேலே நின்று வழியை மறிக்கவும் வேண்டாம், அது மூச்சு விட மேலே வந்தாக வேண்டும்.

நனைந்துவிட்டதா? உடனே அணையுங்கள். சார்ஜ் போடாதீர்கள். "ஒருக்கா போட்டுப் பார்ப்போம்" என்று போட்டுத்தான் பல போன்கள் செத்தே போகின்றன. சிம்மையும் மெமரி கார்டையும் எடுங்கள். வெளியே படிந்த உப்பை நல்ல தண்ணீரில் அலசித் துடையுங்கள். ஹட்டனுக்கு வந்து என்னிடம் காட்டலாம் என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கே திருகோணமலை டவுனில் ஒரு கடையில் கொடுத்து, கழற்றி ஐசோபுரோப்பைல் அல்கஹோல் என்ற திரவத்தில் போர்டைக் கழுவச் சொல்லுங்கள். அந்த ஒரு நாள்தான் போனைக் காப்பாற்றும்.

உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், கரைக்கு வந்ததும் கையைத் துடைத்துவிட்டு, எடுத்த படங்களை வீட்டில் இருக்கிற யாருக்காவது வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். டொக்யுமெண்டாக அனுப்பினால் தரமும் குறையாது. அதை முடித்துவிட்டு மறுபடி கடலில் இறங்குங்கள்.