சிங்கப்பூர் – நியூயார்க்: வான்வழித் தூரத்தைக் கணக்கிடுவது எப்படி?

இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிந்தால் அவற்றுக்கிடையே உள்ள தூரத்தை நாமே கணக்கிட முடியுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பள்ளியில் படித்த சைனும் கொசைனும் நினைவிருந்தால் தாராளமாக முடியும்.

கோளத்தின் மேற்பரப்பில் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய பாதை, கோளத்தின் மையத்தையே தன் மையமாகக் கொண்ட பெருவட்டத்தின் ஒரு வில்லாகும். ஆகவே பூமியின் மையத்தில் அந்த வில் தாங்கும் கோணம் தெரிந்துவிட்டால் தூரமும் தெரிந்துவிடும். இரு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்கிக்கொள்ள வேண்டும். அவற்றின் கொசைன்களைத் தீர்க்கரேகை வேறுபாட்டின் கொசைனோடு பெருக்கிக்கொள்ள வேண்டும். இவ்விரண்டையும் கூட்டினால் வருவது அக்கோணத்தின் கொசைன். பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. என்பதால் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 111.2 கி.மீ.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் 1.36 பாகை வடக்கு, 103.99 பாகை கிழக்கில் உள்ளது. நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம் 40.64 பாகை வடக்கு, 73.78 பாகை மேற்கில் உள்ளது. ஒன்று கிழக்கிலும் மற்றது மேற்கிலும் இருப்பதால் தீர்க்கரேகைகளைக் கூட்ட வேண்டும்: 177.77 பாகை. சூத்திரத்தில் இட்டால் கொசைன் −0.7426, கோணம் 137.95 பாகை, தூரம் சுமார் 15,340 கி.மீ.

என்னை மிகவும் மகிழ்விப்பது அந்த 177.77 என்ற எண்தான். அது ஏறக்குறைய 180 என்பதால், வட துருவத்திலிருந்து பார்த்தால் இரு நகரங்களும் அநேகமாக நேரெதிர்த் திசைகளில் இருக்கின்றன. அப்படியானால் சூத்திரமே இல்லாமல் விடையைச் சரிபார்க்கலாம்: சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு 88.64 பாகை, துருவத்திலிருந்து நியூயார்க்குக்கு 49.36 பாகை, மொத்தம் 138.00. சூத்திரம் தந்த விடையோடு ஒப்பிட்டால் வேறுபாடு 0.05 பாகை, அதாவது ஐந்தாறு கிலோமீட்டர் மட்டுமே! உலக உருண்டையில் இவ்விரு நகரங்களுக்கிடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். அது வட துருவத்தை 300 கி.மீ.க்கும் குறைவான தூரத்தில் கடந்து செல்லும்.

அட்சரேகைகளையும் தீர்க்கரேகைகளையும் நேர்கோடுகளாகக் காட்டும் தட்டையான உலக வரைபடமான மெர்கேட்டர் வரைபடத்தில் துருவத்தைக் காட்டவே இயலாது. அதில் அளவுகோல் வைத்து இழுக்கும் நேர்கோட்டின்படி பறந்தால் சுமார் 18,500 கி.மீ. ஆகும். வகுப்பறைச் சுவரில் அந்த வரைபடத்தை மாட்டுவதற்கு முன், மாணவர்கள் கையில் ஓர் உலக உருண்டையும் ஒரு நூலும் தரப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பூமி முழுமையான கோளம் அல்ல. நடுக்கோட்டில் அதன் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ. இதனால் நம் கணக்கில் அரை சதவீதம் வரை பிழை வரலாம். அந்தப் பிழையையும் மில்லிமீட்டர் அளவுக்குக் குறைக்கும் முறையைப் புவி அளவியலாளர் வின்சென்டி 1975இல் வெளியிட்டார்.

விமானம் உண்மையில் கடக்கும் தூரம் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்றோட்டம் மணிக்கு 200 கி.மீ. வேகத்தையும் தாண்டக்கூடியது. சிங்கப்பூரிலிருந்து பசிபிக் பெருங்கடலின் மேல் கிழக்கு நோக்கிப் பறக்கும் விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளுவதால், பாதை நீண்டாலும் பயண நேரமும் எரிபொருளும் குறையக்கூடும்.