கோரியோகிராஃபர்: நடன இயக்குநரா, நடன அமைப்பாளரா?

சென்னையில் ஆட்டம் அமைத்துத் தருகிறவருக்கு இடத்துக்கு ஒரு பெயர். கோடம்பாக்கத்தில் டான்ஸ் மாஸ்டர். சபா மேடையின் ஓரத்தில் தாளத்தோடு உட்கார்ந்தால் நட்டுவனார். படத்தின் டைட்டிலில் வெறும் 'நடனம்', அதன்கீழ் பெயர். பேட்டி என்று வந்துவிட்டால் கோரியோகிராஃபர். விருது வாங்கிய இன்றைய பாலே, அதாவது மேற்கத்திய மேடை நடனக் கலைஞர்கள் சிலரைப் பற்றிய குறிப்புகளைத் தமிழில் தரும் வேலை ஒன்று எனக்கு வந்தது. முதல் வரியிலேயே இந்தச் சொல்லில் முட்டி நின்றேன்.

கிரேக்கத்தில் 'கோரெய்யா' என்றால் ஆட்டம், 'கிராஃபெயின்' என்றால் எழுதுவது. பாட்டுக்குப் பின்னால் நாலு பேர் சேர்ந்து பாடுகிறார்களே, அந்தக் கோரஸும் இதே குடும்பம்தான். ராவுல் ஓஜே ஃபுய்யே 1700-இல் பாரிசில் ஒரு நூல் வெளியிட்டார். அதன் தலைப்பில் உள்ள 'கோரெகிராஃபி'க்கு ஆட்டத்தைத் தாளில் குறித்துவைக்கும் கலை என்றுதான் பொருள். ஆட்டத்தை அமைத்தவரை அன்று 'பாலே மாஸ்டர்' என்றார்கள். நம் மாஸ்டருக்கு அவர் அண்ணன் முறை! பிறகுதான் எழுதுவதைக் குறித்த சொல் உருவாக்குவதைக் குறிக்க நகர்ந்தது.

எழுத்து அதோடு தொலைந்துவிடவில்லை. 1955-இல் பெனெஷ் தம்பதி வகுத்த குறியீட்டில் ஒரு பக்கத்தைப் பார்த்தால் மேற்கத்திய இசைத்தாள் மாதிரியே ஐந்து கோடுகள் ஓடும். மேல்கோடு உச்சந்தலை, அதற்குக் கீழே தோள், இடுப்பு, முழங்கால், கடைசியில் தரை. கை கால் எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு சின்னக் கீற்று. கோரியோகிராஃபர் அலெக்ஸி ரட்மான்ஸ்கி 2015-இல் அமெரிக்கன் பாலே தியேட்டருக்காக 'தூங்கும் அழகி' என்ற பழைய பாலேயை மீட்டெடுத்தபோது கையில் வைத்துப் படித்தது இதைவிடப் பழைய ஸ்டெபானோவ் குறியீட்டை. அந்தத் தாள்கள் இருப்பது ஹார்வர்டில். எழுதிவைத்ததை வாசித்து ஆட்டத்தை எழுப்பியவர் என்ற வகையில், சொல்லின் பழைய பொருளுக்கும் அவர் ஒத்துவருகிறார்.

'நடன இயக்குநர்' என்று எழுதிவிட்டுப் போனால் என்ன? அதே ரட்மான்ஸ்கியை எடுத்துக்கொள்வோம். 2004 முதல் 2008 வரை அவர் மாஸ்கோவின் போல்ஷோய் பாலே குழுவின் கலை இயக்குநர். யாரைச் சேர்ப்பது, எந்த ஆண்டு எதை மேடையேற்றுவது என்பது அந்தப் பதவியின் வேலை. அதை விட்டு வந்து முழுமூச்சாக ஆட்டங்களைப் படைத்தார். 2013-இல் படைப்பாளிகளுக்கு அமெரிக்காவில் தரும் மக்ஆர்தர் நல்கை கிடைத்தது. இரண்டையும் 'இயக்குநர்' என்றே எழுதினால் அவர் எதை விட்டார், எதைப் பிடித்தார் என்று வாசகருக்கு எப்படித் தெரியும்? வெயின் மெக்ரெகர் 2006 முதல் லண்டன் ராயல் பாலேயின் நிலையக் கோரியோகிராஃபர், அதாவது அந்தக் குழுவுக்கென்றே இருந்து ஆட்டம் அமைப்பவர். அங்கே இயக்குநர் நாற்காலி வேறொருவருடையது. தன் சொந்தக் குழுவுக்கு மெக்ரெகரே இயக்குநர்.

'நடன அமைப்பாளர்' பொருளில் சரி. ஆனால் தமிழ்நாட்டில் அமைப்பாளர் என்றதும் சத்துணவு அமைப்பாளர் நினைவுக்கு வருவார். இல்லையென்றால் கட்சியின் மாணவரணி அமைப்பாளர். பந்தல் போட்டு நாற்காலி எண்ணுகிறவர் போல ஒலிக்கிறது.

நட்டுவனாரைச் சொல்லலாமே என்பார்கள். எனக்கும் ஆசைதான். ராஜராஜன் தஞ்சைக் கோயில் கல்வெட்டிலேயே நட்டுவம் செய்வோர் இருக்கிறார்கள். கோயிலில் ஆடிய 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு ஆளுக்கு ஒரு பங்கு. நட்டுவம் செய்தவருக்கு இரண்டு. ஆடியவரைவிட ஆட்டுவித்தவருக்கு இரட்டைச் சம்பளம்! ஆனால் நட்டுவனாரின் வேலை அமைப்பதோடு முடிவதில்லை. வீட்டில் தட்டுக்கழியால் தட்டி அடவு சொல்லித் தருவார். மேடையில் ஜதி சொல்லி, தாளம் போட்டு, ஆடுகிறவரைக் கண்ணாலேயே நடத்துவார்.

கிறிஸ்டல் பைட்டின் பிழைப்பு வேறு மாதிரி. கனடாக்காரர். ஃபிராங்க்ஃபர்ட்டில் வில்லியம் ஃபோர்சைத்தின் குழுவில் ஆடியவர். 2002-இல் வான்கூவரில் 'கிட் பிவட்' என்று சொந்தக் குழு கண்டார். 2017-இல் ராயல் பாலேக்காக 'ஃபிளைட் பேட்டர்ன்' அமைத்தார். இடம்பெயர்ந்த அகதிகளைப் பற்றிய ஆட்டம். 36 பேர் ஒரே உடல்போல அசைந்து நகர்வார்கள். அடுத்த ஆண்டு அதற்கு லண்டன் மேடைக்கலைகளுக்கான ஒலிவியர் விருது. திரை எழும்போது மேடையில் பைட்டுக்கு வேலை இல்லை. வேலை ஒத்திகைக் கூடத்திலேயே முடிந்துவிட்டது. அவரை நட்டுவனார் என்றால் இரண்டு பேருக்குமே நியாயமில்லை.

பழைய இலக்கியத்தில் ஒரு பிடி கிடைக்கிறது. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் மாதவியின் ஆசிரியரை 'ஆடற்கு அமைந்த ஆசான்' என்கிறார் இளங்கோ. அந்த ஆசானின் திறமைகளை அடுக்கும்போது, பலவகைக் கூத்தையும் அவற்றுக்குரிய உறுப்புகளோடு 'புணர்த்து' என்ற வினை வருகிறது. புணர்த்தல் என்றால் சேர்த்துக் கட்டுவது. கோரியோகிராஃபர் செய்வது அச்சு அசலாக இதுதான். ஆனால் இன்றைக்குப் புணர்ப்பாளர் என்று அச்சில் போட முடியுமா? சிரித்துவிடுவார்கள். ஆசான் என்றாலோ கற்பிப்பவர் மட்டும் முன்னால் வந்து நிற்கிறார்.

அப்போதுதான் இசையமைப்பாளர் கண்ணில் பட்டார். அவரை யாரும் கச்சேரி ஏற்பாடு செய்கிறவராக நினைப்பதில்லை. காரணம், இசையும் அமைப்பும் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாகிவிட்டன. வேலையும் அதே மாதிரிதான்: அமைத்துக் கொடுப்பவர் ஒருவர், நிகழ்த்துபவர்கள் வேறு. ஆகவே கோரியோகிராஃபர் ஆடலமைப்பாளர், கோரியோகிராஃபி ஆடலமைப்பு. நடுவே இடைவெளி விடக்கூடாது. விட்டால் மறுபடி பந்தல்காரர் வந்துவிடுவார்.

இதையெல்லாம் விளக்கமாக எழுதி, ஒட்டியே அச்சடிக்கவும் என்று அடிக்கோடு போட்டு அனுப்பினேன். மெய்ப்பு வந்தது. எல்லா இடத்திலும் 'ஆடல் அமைப்பாளர்'.